ஏழு நாள்

ஏழு நாள்தான், என்றார் லிண்ட்குவிஸ்ட்.
பெரும்பாலான வீட்டுக் கேமராக்கள் ஏழாம் நாள்
தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும்.
அவர் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பை.
பைக்குள் முகப்பு விளக்கின் மூன்று சில்லு.
ஆள் தெரியாது. வண்டி எண் தெரியாது.
நிறம், சாம்பலாக இருக்கலாம்.
பனி கொட்டும் டுலூத்தில், டிசம்பரில்,
எல்லா வண்டியும் சாம்பல்தான்.

டொய்வோ கண்ணைத் திறக்கிறான்.
என்னைப் பார்க்கவில்லை.
என் தோளுக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்க்கிறான்.
அவன் உடைமைகள் என்று நர்ஸ் தந்த பையில்
சாவி, பஸ் பாஸ், கம்பளித் தொப்பி.

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு
கதவு கதவாகப் போனேன்.
ஏரியை நோக்கிச் சரிகிற அவென்யூ,
படிக்கட்டில் உட்கார்ந்தவை போல வீடுகள்.
மணியடித்தால் கதவுதான் முதலில் பேசுகிறது:
யார் வேண்டும்?
இருபத்தாறு வருஷமாக இதே தெரு.
எவர் வீட்டு மணியும் நான் அடித்ததில்லை.

செவ்வாய் இரவு, பத்து நாற்பதிலிருந்து பதினொன்று வரை.
அதற்குமேல் ஒரு சொல் சொன்னாலும் குரல் உடையும்;
இரண்டாம் வீட்டிலேயே தெரிந்துவிட்டது.

டெல்ஃபீன் வீட்டுக் கேமராவில் ஒரு ரக்கூன்,
குப்பைத்தொட்டி மூடியை
பிறந்தநாள் பரிசு பிரிப்பதுபோல் பிரிக்கிறது.
பாவ் சியாங் வீட்டில்
மகள் பூட்ஸைக் கையில் பிடித்தபடி
பூனைபோல் உள்ளே நுழைகிறாள்.
அப்பா பார்த்தார், நான் பார்த்தேன்,
இருவரும் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டோம்.
பச்சை வீட்டுக்காரர், வாரண்ட் இருக்கிறதா, என்றார்.
தொப்பி இருக்கிறது, என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியாது.
சாத்திவிட்டார்.

ஆறாம் நாள் இருட்டும் நேரம்
வெறும் காலுறையோடு பனியில் ஓடிவந்தார், அதே மனிதர்.
வண்டி இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், என்று சொல்லிவிட்டுத்தான்
போனை நீட்டினார்.

எட்டு விநாடி.
இடப்பக்கத்திலிருந்து டொய்வோ வருகிறான்.
காகித ஆலை நடை. ஒரு தோள் தாழ்ந்த நடை.
நிற்கிறான். தொப்பியைக் காது மறைய இழுத்துவிடுகிறான்.
உதடு அசைகிறது, ஒலி இல்லை.
வலப்பக்கம் போய்விடுகிறான்.
அப்புறம் வெறும் தெரு.
உப்பு.
தெருவிளக்குக்குக் கீழே மட்டும் விழுகிற பனி.

நேரம் உறுதியாகிறது, உபயோகம்தான், என்றார் லிண்ட்குவிஸ்ட்.
நான் அந்த உதட்டை
நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன்.
பட்டாணி என்கிறானோ. பஸ் என்கிறானோ.
என் பெயர் இல்லை. என் பெயருக்கு
உதடு இரண்டும் முதலில் ஒட்டவேண்டும்.

எங்கேயோ ஒரு கராஜில்
அவனும் நாள் எண்ணியிருப்பான்.
அல்லது அவள். ஏழு முடிந்ததும்
ஒரு காபி போட்டுக் குடித்திருக்கலாம்.

எட்டாம் நாள், ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில்
சும்மா நின்றபோதுதான் பட்டது:
விளக்கை மாற்றலாம். ஒன்றைத்தானே மாற்றுவான்?
உடையாத பழையது பழுப்பேறியே இருக்கும்,
புதியது பளிச்சென்று இருக்கும்.
இதை அழிக்க ஏழு நாள் போதாது.
நாலைந்து வருஷம் வெயில் வேண்டும்.
எங்கள் ஊர் வெயிலுக்கு இன்னும் கூட.

முதல் வரிசையில் தொடங்கினேன்.
எல்லா விளக்கிலும் உப்புச் சேறு அப்பியிருந்தது.
குனிந்தேன். தொப்பியால் துடைத்தேன்.
இடம், வலம். இரண்டும் பழுப்பு.
அடுத்தது.
வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் கண்ணாடியை இறக்கி,
என்னம்மா செய்கிறீர்கள், என்றாள்.
ஒன்றுமில்லை, என்றேன்,
உங்கள் விளக்கு சரியாக இருக்கிறது.