கை நனைக்காதவன்

தெலாவியில் கத்திரிக்காய்ச் சுருளுக்குள் அக்ரூட் இருக்கும்.
கீரை உருண்டையில், கோழி மூழ்கிக் கிடக்கும் வெளிறிய குழம்பில்,
திராட்சைச் சாற்றில் தோய்த்து நூலில் தொங்கவிட்ட இனிப்பில்.
எங்களுக்கு அது உப்பு மாதிரி.
யாரும் கேட்பதில்லை.

நீ கேட்டாய், பத்ரி.
பெண் கேட்க வந்த வீட்டில் உட்காரும் முன்பே
"இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்?"
வரி வசூலிக்க வந்தவன் போலிருக்கிறது
என்று முணுமுணுத்தாள் அம்மா.

கை நனைக்காமல் எழுகிறவன் நம் வீட்டுப் பிள்ளை ஆகமாட்டான்
என்றாள் சியாலா அத்தை.
ரொட்டிக்கு விடிய விடிய வரிசையில் நின்றவள்.
வேண்டாம் என்ற சொல்
அவளுக்கு நோயாகத் தெரியவில்லை.
நாக்குத் தடித்தவன் என்றாள்.

உனக்கென்று தனியாக வைத்த பீன்ஸ் குழம்பில்
அரைத்த அக்ரூட்,
ஒரே ஒரு கரண்டி.
வஞ்சமில்லை.
பழகிவிடும் என்று நினைத்தாளாம்.

அப்பா கோப்பையோடு எழுந்திருந்தார்,
இறந்தவர்களுக்கான வாழ்த்து அது.
எல்லோரும் நின்றோம். நீ நிற்கவில்லை.
உதடு, இமை, காது மடல்.
வாய்க்குள் இடம் போதாமல்
நிஜமாகவே தடித்தது நாக்கு.

உன் கோட்டின் உள்பையில் ஒரு பேனா,
ஒரு வரியும் எழுதாத பேனா.
காலாவதியான ஒன்றை வைத்து
ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிரித்துக்கொண்டே
நாம் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் காப்பாற்றியிருந்தோம்.
நீல மூடியைக் கழற்று.
தொடையின் வெளிப்பக்கம், கால்சட்டைக்கு மேலேயே.
அழுத்து. எண்ணு.

ஒன்று
இரண்டு

மூன்றுக்கு நான் எப்போது வந்து சேர்ந்தேன் என்று
இன்றுவரை தெரியாது.

சரியாகிவிட்டது என்று எழப் பார்த்தாய்.
படு என்றேன். மறுபடி வரலாம்.
ஆம்புலன்ஸ் வரும்வரை
அப்பா அந்தக் கோப்பையைக் கீழே வைக்கவும் இல்லை,
குடிக்கவும் இல்லை.

இப்போது ஒவ்வொரு அக்டோபரிலும்
தோட்டத்துக்கு நான் மட்டும் போகிறேன்.
பச்சைத் தோல் உரித்த விரல்கள் மூன்று வாரம் கறுத்திருக்கும்.
முழங்கைவரை சோப்பு, பல் துலக்கல், மாற்று உடை,
அப்படியும் அன்றிரவு முத்தமில்லை.
மறுநாள் மத்தியானம்
கதவருகில் வந்து நிற்கிறாய்:
"கடைசியாக என்ன சாப்பிட்டாய்?"
இந்தத் தெருவில் வேறெந்தக் கணவனும்
இதை இவ்வளவு ஆசையாகக் கேட்பதில்லை.

அத்தை மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.
ஒரு புதுப் பாத்திரம் வாங்கி
கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள்,
அதை யாரும் தொடக்கூடாது.
நேற்று கடையிலிருந்து போன் செய்தாள்,
பிஸ்கட் பாக்கெட்டைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்தபடி:
"அக்ரூட்டின் தடயம் இருக்கலாம் என்று போட்டிருக்கிறதே,
தடயம் என்றால் எவ்வளவுடி?
ஒரு கரண்டி இருக்குமா?"

அதைவிடக் குறைவு, அத்தை.

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.
பாக்கெட்டை அலமாரியில் திருப்பி வைக்கும்
சரசரப்பு மட்டும் கேட்டது.