ஜனவரி இரண்டு

எங்களுக்குப் புத்தாண்டு
இரண்டு நாள் பிந்தி வரும்.
முப்பத்தொன்று இரவு முழுக்க
சாம்பல் நிறச் சீருடையில் நின்று
வந்தவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டினேன்.
ரோமக் காலர், முழங்கால் தொடும் கம்பளி.
மிச்சப் பதினொரு மாதமும் மதுரையில்
எங்கே வைத்திருப்பார்கள் இதையெல்லாம்?
ஒருத்தி ஏழு டிகிரியில்
தோள் தெரிய வெள்ளி உடுப்பில் நின்றாள்.
சிலிர்த்த முடி ஒவ்வொன்றையும் எண்ணலாம்.
அழகாகத்தான் இருந்தாள், பொய் சொல்ல மாட்டேன்.

ஒன்றாம் தேதி கார்கள் மலை இறங்கிவிடும்.
இரண்டாம் தேதி மாலை எங்களுடையது.
அறிவிப்புப் பலகையில் மேனேஜர் எழுதியிருந்தார்:
ஊழியர் விருந்து. சீருடைக்கு அனுமதி இல்லை.
கடைசி வரியை மட்டும்
முபீனா மூன்று தடவை வாசித்தாள்.

பட்டுச் சேலைதான் முதலில் நினைத்தேன்.
மேலே ஸ்வெட்டர் போட்டால் பட்டு போச்சு,
போடாவிட்டால் நான் போச்சு.
ஜிமிக்கியோ மஃப்ளர் நூலில் மாட்டிக்கொள்ளும்;
காதா கழுத்தா என்று
யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

போன ஞாயிறு சந்தையில்
மலைப்பூண்டுக் கடைக்கும் கேரட் மூட்டைக்கும் நடுவே
தார்ப்பாயில் கொட்டிக் கிடந்தன பழைய கோட்டுகள்.
கை முழங்கை வரை உள்ளே போனபோது
விரலில் பட்டது வெல்வெட்.
இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது.
நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம்.
அறுநூறு என்றான். ஒரு பொத்தான் இல்லையே என்றேன்.
முந்நூற்றைம்பதுக்கு இறங்கினான்,
அந்தப் பொத்தானுக்கு
இருநூற்றைம்பது ரூபாய் மதிப்பு என்று
அன்றுதான் தெரிந்தது.

இனி கால்.
விட்டுப்போன பொருட்களின் அலமாரிச் சாவி
என் இடுப்பில்தான் தொங்கும்.
இந்த வருடம்: மூன்று சார்ஜர், ஒற்றைக் கையுறை,
பல்செட் ஒன்று (யாரும் கேட்டு வரவில்லை),
இருநூற்றுப் பதினாலாம் அறையிலிருந்து
சிவப்பு ஹை ஹீல்ஸ்.
துணி மடிக்கும் அறையில் கதவைச் சாத்திவிட்டுப்
போட்டுப் பார்த்தேன்.
எனக்கென்றே அளவெடுத்தது போல.
நாலு எட்டு நடந்தேன்.
அடுக்கியிருந்த படுக்கை விரிப்புகள்
திடீரென்று குள்ளமாகிவிட்டன.

கழற்றினேன். பதிவேட்டில் எழுதினேன்:
சிவப்புச் செருப்பு, ஒரு ஜோடி, குதி நாலு அங்குலம்.
என் வீடு ஆனந்தகிரியில்,
நாற்பத்தெட்டுப் படிக்கட்டுக்குக் கீழே.
இரவு இறங்கும்போது பனி கண்ணாடியாய்ப் படிந்திருக்கும்.
ஏழு ரோட்டில் தவணையில் வாங்கிய
கறுப்பு அரை பூட்ஸுக்கே
மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கினேன்.
அதற்குச் சரிவு தெரியும்.

விருந்தில் தவசி அண்ணன் புது பிளேஸரில் வந்தார்,
கை நுனியில் கம்பெனிப் பட்டை பிரிக்காமல்.
அது அலங்காரம் என்று நினைத்திருக்கிறார்.
நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம்.
வாட்ச்மேன் லூர்து கோட்டுக்கும் டைக்கும் மேலே
குரங்குக் குல்லா.
கழற்றுங்களேன் என்றால்
"காது யாருடையது?" என்கிறார்.
முபீனா ஏழு ஸ்கார்ப் மாற்றிக் கட்டி
எட்டாவதாக முதலாவதற்கே திரும்பியிருந்தாள்.
கடுகு மஞ்சள். ஓரத்தில் சின்ன முத்து ஊசி.
அவள் நுழைந்ததும் சூப் ஆறியது,
யாரும் கரண்டியை எடுக்கவில்லை.

என் கோட்டைத் தடவிப் பார்த்து
"நாலாவது பொத்தான் மட்டும் வேற மாதிரி?" என்றாள்.
சாம்பல் நிறம்.
வேறு எங்கே போவேன் அந்நேரத்துக்கு.
"சொல்லிடாதே, விருந்தைவிட்டு அனுப்பிடுவாங்க" என்றேன்.
சிரித்ததில் அவள் முத்து ஊசி கழன்று
கேக்கில் விழுந்தது.

மூன்று மாதம் யாரும் கேட்டு வராவிட்டால்
எடுத்தவர்க்கே சொந்தம் என்பது ஓட்டல் விதி.
ஏப்ரல் ஒன்று.
அப்போது பனியும் இருக்காது, விருந்தும் இருக்காது.
பரவாயில்லை.
அந்தச் சிவப்பைப் போட்டுக்கொண்டு
பட்டப்பகலில், சீசன் கூட்டத்துக்கு நடுவே,
கால் கிலோ கேரட் வாங்கப் போவேன்.