சிவப்புக் குழாயில் தண்ணீர்

மே மாதம் வந்தால் எங்கள் குளியலறையில்
நிறங்கள் பொய் சொல்லும்.
மொட்டைமாடித் தொட்டியில் வெந்த நீர்
நீலக் குழாயில் கொதித்து வரும்.
ஹீட்டரை அணைத்துப் போட்டு
அதன் வயிற்றில் ஆறிய நீரை
சிவப்பில் பிடித்துக் குளிப்போம்.
ஷார்ஜாவில் பிறந்த அபிஷ்
ஒன்றாம் வகுப்புத் தேர்வில்
சிவப்பு என்றால் குளிர்ச்சி என்று எழுதி
அரை மதிப்பெண் இழந்தவன்.

இந்த வருட மே மாதம்தான்
ததேயுவின் கம்பெனிக் கதவில்
அரபியில் ஒரு தாள் ஒட்டினார்கள்.
பதினோரு வருட சைட் சூப்பர்வைசர்
ஹெல்மெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.
கொஞ்ச நாள் அது செருப்பு அலமாரிமேல் இருந்தது.
பிறகு அதில் வெங்காயம் போட்டு வைத்தார்.

குடும்ப விசா என் பெயருக்கு மாறியது.
டைப்பிங் சென்டர் பையன்
ஸ்பான்சர் யார் என்று கேட்டபோது
நான் வாய் திறக்குமுன்
அவர் என்னைக் கைகாட்டினார்,
வழி கேட்டவருக்குக் காட்டுவதுபோல.

லேபில் ஆறரைக்கு முதல் ரத்தம் எடுக்க வேண்டும்.
ஐந்தரைக்கு நான் படியிறங்கும்போது
டிபன் டப்பா கையைச் சுடும்.
முதல் வாரம் புளிக்குழம்பில் உப்பில்லை.
இரண்டாம் வாரம் உப்பைத் தவிர ஒன்றுமில்லை.
ஜூலையில் அவர் வைத்த நெத்திலி அவியல்
என்னுடையதைவிட நன்றாக இருந்தது.
அதைச் சொல்ல எனக்கு
ஆகஸ்ட் ஆனது.

கோடை முழுக்க எங்கள் கணக்கை
ஏ.சி. இரைச்சலுக்கு அடியில் பேசினோம்.
வாடகைக்கு நாலு செக்,
ஜெனிலினின் பள்ளிக் கட்டணம்,
ஊரில் பாதியில் நிற்கும் வீட்டின் லோன்.
கிழட்டு விண்டோ ஏ.சி.
மணல் லாரி மேடேறுவதுபோல ஓடும்.
அதைத் தாண்டி ஒரு சொல்லும்
அடுத்த அறைக்குப் போகாது என்று நம்பினோம்.
பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிடலாமா
என்று அவர் கேட்ட இரவில்
கம்ப்ரசர் சரியாக அந்த இடத்தில் நின்றது.
மூன்று நிமிடம்.
அது மறுபடி உறுமும்வரை
மூச்சைப் பிடித்துக் கிடந்தோம்.

அக்டோபர் கடைசியில் ஒரு மாலை
பஸ்ஸிலிருந்து இறங்கும்போது
என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படியவில்லை.

அன்றிரவு ஏ.சி.யை அணைத்தோம்.
டேப் ஒட்டி அடைத்திருந்த ஜன்னலைக்
கத்தியால் கீறித் திறந்தார் ததேயு.
முதலில் மணல் விழுந்தது.
பிறகு கீழே பாகிஸ்தானி ஓட்டலின் ரொட்டி வாசம்,
பார்க்கிங் தேடி மூன்றாம் சுற்று வரும் கார்,
மேல்மாடியில் சிரியாக்காரர் வீட்டில்
யாரோ பாத்திரம் கழுவுவது.
இவ்வளவு அமைதியான வீடா இது என்று
நாலு பேருக்கும் கொஞ்சம் கூச்சம்.

படுத்த பிறகு, பழக்கத்தில்,
'டிசம்பர் செக்குக்கு என்ன பண்ண?' என்றேன்,
கோடைக்கு வேண்டிய சத்தத்தில்.
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜெனிலின்:
'அம்மா, அது டிசம்பர் இல்ல. ஜனவரி அஞ்சு.'
தூங்கிவிட்டான் என்று நினைத்திருந்த அபிஷ்:
'ஊருக்கு நான் போகல.'

ததேயுவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.
அல்லது சிரிப்புபோல ஏதோ ஒன்று.
இருட்டில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.
எழுந்துபோய்க் கட்டன் சாயா போட்டார்.
அடுக்களைத் தரையில் நாலு பேரும் உட்கார்ந்தோம்.
ஜெனிலின் கணக்கு நோட்டில் கோடு போட்டாள்.
எப்படிக் கூட்டினாலும்
இரண்டாயிரத்து முன்னூறு திர்ஹம் குறைந்தது.
அபிஷ் தன் உண்டியலை எடுத்துவந்தான்.
பிறகு
இரண்டாயிரத்து இருநூற்று எண்பத்தொன்று.

காலையில் குளியலறையிலிருந்து ஒரு கூச்சல்:
'அப்பா, நீலம் சரியாயிடுச்சு!'
கைநீட்டிப் பார்த்தேன்.
தண்ணீர் தண்ணீராகவே வந்தது.

ஹீட்டரை எப்போது போடலாம் என்று
அவரிடம்தான் கேட்டேன்.
வீட்டுக்காரர் அவர்தானே.
'பில்லைப் பாத்துட்டு, நவம்பர் பாதியில' என்றார்,
ஹெல்மெட்டுக்குள் கைவிட்டு
அழுகாத வெங்காயமாகத் தேடிக்கொண்டே.