லூப் லைன், ஒயிட்ஃபீல்டு

அறுநூற்று ஐம்பது மீட்டர் நீளம் எங்கள் வண்டி.
முன்னால் எஞ்சினில் உதவி ஓட்டுநர் பியூலா.
பின்னால் பிரேக் வேனில் நான்.
நடுவில் நாற்பத்தைந்து வேகன் கன்டெய்னர்;
எதில் என்ன இருக்கிறது
எங்கள் இருவருக்கும் தெரியாது.

அதிகாலை நாலு பத்து.
சென்னை மெயில் போகட்டும் என்று
ஐம்பது நிமிடமாக ஓரம் கட்டியிருக்கிறார்கள்.
மெட்ரோ பாலத்துக்கு அப்பால்
ஆளில்லாத மாடிகளில் அத்தனை வெளிச்சம்.
இங்கே என் கைவிளக்கு,
ஒரு கொசு அதைச் சுற்றி.

தண்டவாளம் முனக ஆரம்பித்ததும்
இறங்கி ஜல்லியில் நின்றேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜன்னல்களைப் பார்ப்பேன்.
பங்காருப்பேட்டையில் ஒரு பெண்
ஓடும் வண்டியில் தலை சீவிக்கொண்டிருந்தாள்.
அவள் சிரித்தாளா என்று யோசித்த நேரத்தில்
கடைசிப் பெட்டியின் பலகை கடந்துபோனது.
இருந்ததா, இல்லையா?
ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார். விழித்தேன்.
மெமோ வந்தது.
அதன் பிறகு எனக்கு மனிதர்கள் கிடையாது,
முழங்காலுக்குக் கீழேதான் ரயில்.

வாக்கி கரகரத்தது:
"சிகாமணி அண்ணா, எட்டாவதோ ஒன்பதாவதோ,
நம்ம பக்கம், பின்சக்கரம், பொறி பறக்குது."

பார்க்கிறேன் என்று சொல்லி முடிக்கவில்லை.
எஞ்சின் போயிற்று.
ஆறு. ஏழு.
எட்டு, இருட்டு.
ஒன்பதில்
சக்கரத்தை ஒட்டி ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம்,
கீழே வாலாகப் பொறி.
வாசனை கொஞ்சம் பொறுத்து வந்தது,
தோசைக்கல்லை அடுப்பில் மறந்த வீடு மாதிரி.

கடைசிப் பெட்டியில் அந்த கார்டு
வழக்கம்போல் பச்சை காட்டிக்கொண்டு வந்தார்.
நான் சிவப்பை வீசினேன்.
தோள்பட்டை கழன்றுவிடும்போல வீசினேன்.
அவர் பச்சை ஒரு நொடி
எங்கே போவதென்று தெரியாமல் நின்று
அணைந்தது.
பிறகு காற்று சீறும் சத்தம்,
நெடுந்தூரத்துக்கு.

முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.
ஆயிரத்து இருநூறு பேர் தூங்கும் வண்டிக்கும்
அதே கதைதான்.

இறங்கி வந்த ஒருவர் என்னிடம் கத்தினார்:
"ஏழு மணிக்கு லாகின் சார், உங்களுக்கென்ன!"
எனக்கென்ன என்று யோசித்துப் பார்த்தேன்.
பதினாறு மணி நேரமாகக் குளிக்கவில்லை.
வேறெதுவும் தோன்றவில்லை.

நெம்பினார்கள், தட்டினார்கள்,
பிரேக்கை விடுவித்தார்கள்.
இருபத்திரண்டு நிமிடத் தாமதம்.
பதிவேட்டில் காரணம் இருக்கிறது;
எழுத்து என்னுடையது,
சாய்ந்து கிடக்கிறது.

ஐந்தேகாலுக்கு எங்களுக்கும் சிக்னல் விழுந்தது.
"அண்ணா, டீ இருக்கா?" என்றாள் பியூலா,
அறுநூற்று ஐம்பது மீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.
இருந்தது.
எப்படிக் கொடுக்க?

தேவனகொந்தியில்
பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் மப்ளரோடு நின்றிருந்தார்.
கையில் பச்சை.
வேன் அவரைக் கடந்தபோது கையசைத்தேன்.
அவர் நிமிரவில்லை.
என் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லது.