உடைசல் கணக்கு

மலசலகூடக் கிடங்குக்கு
ஏழடி வெட்டச் சொன்னார்கள்.
மூன்றாம் அடியில் அலவாங்கு கிணுங்கியது.
வஸ்தியான் அப்படியே நின்றான்.
இந்தப் பக்கத்தில் மண்ணுக்குள் ஏதும் கிணுங்கினால்
முதலில் ஒருவரும் அசைவதில்லை.

வெடியில்லை. ஓடு.
மாரி முடிந்த கிழமை ஆற்றுவாய் எடுக்குமே ஒரு நிறம்,
அந்த நீலப்பச்சை ஒரு பக்கம்.
கையை விட்டுக் கிளற
கடுகளவில் சிவப்பு மணிகள்,
சங்கறுத்து எறிந்த நுனிகள்,
இன்னும் ஓடு.

நான் நண்டு நிறுக்கிறவள்.
விடிய நாலு மணிக்கு வங்காலைக் கரையில் தராசு,
ரெஜிபோம் பெட்டி, ஐஸ்,
காசிம்பாவாவின் கூலர் லொறி.
மத்தியானம் கொழும்பு, நாளைக்குச் சிங்கப்பூர்.
கால் முறிந்தது போகாது.
அதை ஒரு கோடு போட்டுக் கழிப்பேன்.
சம்மாட்டி அதைக் கொட்டிலுக்குப் பின்னால் எறிவார்.

அதனால் எனக்கு விளங்கியது.
இந்த மாந்தைக்கு
சோளகத்தில் ஒரு கூட்டம் பாய் வந்திருக்கும்,
வாடையில் இன்னொரு கூட்டம்.
அருவியாறு இறங்கிக் காட்டுத்தேன், மெழுகு,
சேற்றில் அடம்பிடித்துக்கொண்டு யானை.
ஏற்றினது எல்லாம் போய்விட்டது.
இறக்கினதும் அனுராதபுரம் போய்விட்டது.
இறக்கும்போது ஒருவன் கை வழுகி
விழுந்த கிண்ணம்தான் இது.
யார் கூலியில் கழித்தார்கள்?
கோடு போட்டவள் வீட்டுக்குப் போய்ச்
சோறு தின்றாளா அன்றைக்கு?

திணைக்களத்துப் பெடியன் வந்தான்.
நாடா பிடித்தான், படம் எடுத்தான்,
மணிகளை எண்ணிப் பையில் கட்டினான்.
கிடங்கை மூடு என்றான்.
பன்னிரண்டு அடி தள்ளி வெட்டினோம்.
அங்கேயும் ஓடு.
"அப்ப எங்கதான் ஐயா இருக்கிறது?"
வஸ்தியான் கேட்ட கேள்விக்குப்
படிவத்தில் இடம் இருக்கவில்லை.
இன்னமும் போத்தலோடு பற்றைக்குத்தான் போகிறோம்.

ஒரு ஓடு மட்டும் என் சட்டைக்குள் வந்தது.
பிழைதான்.
இரவு தராசில் வைத்தேன், நாற்பது கிராம்.
எங்கள் தராசு
ஒவ்வொரு நிறுவையிலும் விழுங்குவதும்
அதே நாற்பது என்று
எனக்கும் சம்மாட்டிக்கும் மட்டும் தெரியும்.

விடிய, சலேத்தம்மா நண்டைக் கொட்டமுதல்
தட்டுக்கு அடியில் அதைச் செருகினேன்.
முள் கொஞ்சம் நகர்ந்தது.
சலேத்தம்மா கவனிக்கவில்லை.
காசிம்பாவா கண்டார்.
ஒன்றும் சொல்லாமல்
லொறியின் கதவைச் சாத்தினார்.