ஒற்றை நெத்திலி

ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த மேசை.
கோல்டோ தம்பியின் காலணியை
இரவல் வாங்கியிருந்தான்;
கடிக்கிறது என்று சொல்லாமல் படியேறினான்.

கண்ணாடிக்கு வெளியே
சான் செபாஸ்டியன் விரிகுடா முழுவதும்.
உள்ளே, பதினான்கில் ஐந்தாவதாக
வண்டிச்சக்கர அகலத்தில் ஒரு தட்டு.
நடுவில்
ஒரே ஒரு நெத்திலி.

பரிசாரகன் அதன் கதையைச் சொன்னான்:
நேற்று, விடியுமுன், கெத்தாரியாவின் சிறு படகொன்றில்...
சொல்லி முடிப்பதற்குள்
மீன்மேல் இருந்த நுரை அடங்கிப்போனது.
அந்த வலையை இழுத்தவன்
கயிறு அறுத்த கைகளை
மேசைவிரிப்புக்குக் கீழே வைத்துக்கொண்டு
மரியாதையாகத் தலையாட்டினான்.

ஏலத்தில் பெட்டி என்ன விலைக்குப் போனது என்று
எனக்குத் தெரியும்.
வாயைத் திறந்தேன்.
அதற்குள் அவன் மீனை நாக்கில் வைத்துவிட்டான்.

கண்ணை மூடினான்.
இருபத்தாறு வருஷமாகப் பிடிக்கிற மீன்.
நெடுநேரம் திறக்கவில்லை.

மிச்ச ஒன்பது தட்டும் வந்தன, போயின.
எதுவும் எனக்கு நினைவில்லை.

பாலத்தில் காலணியைக் கழற்றிக்
கையில் பிடித்துக்கொண்டு கேட்டான்:
"முள்ளை எந்தப் பக்கமிருந்து
உருவியிருப்பான், இட்சியார்?"