மீன்கண்

ஹாப்சாலுவில் கடல் ஊருக்குள் வருவதில்லை.
அதன் ஈரம் மட்டும் வரும்,
கொட்டகைக் கதவின் இடுக்கு வழியே
வாடகை கேட்க வருபவரைப் போல.
முந்தின நாளே ஹீட்டரை ஏற்றி
தகரத்தின் சில்லிப்பு போகும்வரை காத்திருந்தேன்.
தூசி எழாதிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தேன்.
கம்பளிச் சட்டையைக் கழற்றி வெளியே போட்டேன்:
ஒரு நூலிழை போதும்
ஒரு வாரத்தைக் கெடுக்க.

கார் ஹெல்துருடையது.
அறுபத்தாறாம் வருடத்து மோஸ்க்விச்.
துரு தின்ற இடமெல்லாம் புதுத் தகரம் வைத்து,
பட்டி பூசி, தேய்த்து, மறுபடி பட்டி பூசி,
குளிர்காலம் முழுக்க
அதன் கன்னத்தைத் தடவியே போனது எனக்கு.
விற்கப் போகிறாராம்.
ரிகாவிலிருந்து ஆள் வருகிறது, அடுத்த மாதம்.

ப்ரைமர் நான்கு பங்கு, கடினமாக்கி ஒன்று.
துப்பாக்கிக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண்;
கூடினால் பொடியாய் உலர்ந்து விழும்,
குறைந்தால் வழியும்.
மணிக்கட்டு வளையக் கூடாது, உடம்பே நடக்க வேண்டும்.
போன கோட்டில் பாதியை இந்தக் கோடு மூட வேண்டும்.
விளிம்பைத் தாண்டிய பிறகுதான் விரலை எடுக்கலாம்.
மூச்சா? அது முகமூடியின் பாடு.

பானெட்டின் மேல் சாம்பல் நிறம்
பாலாடை போலப் படிந்தது.
ஒரு நிமிடம்
நல்ல பெயரோடு இருந்தேன்.

பிறகு ஒவ்வொன்றாய்த் திறந்தன.
மீன்கண் என்றதும் அழகி எவளையும் நினைக்க வேண்டாம்.
பிசுக்கைக் கண்டு பெயிண்ட் விலகி ஓடிய
வட்டக் குழிகள் அவை,
நடுவில் வெறும் தகரம் விழித்தபடி.
மூன்று. பதினொன்று. அப்புறம் எண்ணவில்லை.
கம்ப்ரஸரைத் திட்டினேன்.
ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன்;
பாவம், அது காய்ந்து சுத்தமாக இருந்தது.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.

குழிகள் சிதறிக் கிடக்கவில்லை.
உள்ளங்கை. நான்கு விரல். தள்ளி ஒரு கட்டைவிரல்.
சுண்டுவிரல் மட்டும்
பாதியில் உள்ளே வளைந்து.

காலையில் மறுபடி துடைத்திருக்க வேண்டும்.
மாலையே துடைத்தாயிற்றே என்று விட்டேன்,
அது என் தப்பு.
சாவி செங்கல்லுக்கு அடியில் இருப்பது
இந்தத் தெருவுக்கே தெரியும்.
அந்த விரலை எனக்குத் தெரியும்.
வியாழன்தோறும் நாலு மணிக்கு, சேற்றுச் சிகிச்சை நிலையத்தில்,
துப்பாக்கி பிடித்துப் பிடித்து இறுகிய என் வலது தோளில்
கடைசியாக வந்து அழுத்தும் விரல்.
சேறு கழுவிய பின் ரீனா கையில் களிம்பு தடவிக்கொள்வாள்,
சிலிக்கான் கலந்தது,
இல்லாவிட்டால் தோல் வெடித்துவிடும்.

ஹெல்துருக்கும் அவளுக்கும் என்ன,
எந்தச் சாலையில், எந்த வருடம்,
ஒன்றும் தெரியாது எனக்கு.
கையை வைத்து எவ்வளவு நேரம் நின்றாள் என்று
குழியின் ஆழம் சொல்லாது.

இரண்டு நாள் இறுக விட்டேன்.
கரைப்பானில் துடைத்தேன், ஒரே திசையில்,
ஒவ்வொரு இழுப்புக்கும் புதுத் துணி.
கருப்புத் தூள் தூவி நீளக் கட்டையால் தேய்த்தேன்.
மேடெல்லாம் வெளுத்தது;
பள்ளத்தில் கருப்பு நின்றது, ஐந்து விரலாக.
நானூறு. பிறகு தண்ணீரோடு அறுநூறு.
கட்டைவிரல் முதலில் போனது.
வளைந்தது கடைசியில்.
மறுபடி அடித்தேன். இந்த முறை
கண்ணை மூடித் தடவினாலும்
கைக்கு எதுவும் தட்டவில்லை.

பில்லைப் பார்த்து ஹெல்துர் கேட்டார்:
"கூடுதல் வேலை ஆறு மணி நேரமா? எதனால்?"
"ஈரம்" என்றேன்.
இந்த ஊரில் ஈரம்
எந்தப் பழியையும் மறுத்துப் பேசியதில்லை.

வியாழக்கிழமை குப்புறப் படுத்திருந்தேன்.
"இந்த வாரம் ரொம்ப இறுகியிருக்கு" என்றாள் ரீனா.
"பானெட்டை இரண்டு தரம் தேய்க்க வேண்டியதாயிற்று."
சுண்டுவிரல்
தோளெலும்பின் ஓரத்தில் நின்றது.
பிறகு
வழக்கமான இடத்துக்கு நகர்ந்து
அழுத்தியது.